சைவச் சட்டியில் சிப்பி

1

இந்தக் கதை மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் ஒரு சீனர் சோற்றுக்கடையில் தொடங்கியது. என் மாமியார் அன்னம்மாவுக்கு அன்று விரதத்தின் ஒன்பதாவது நாள். காலை ஏழு மணிக்கு இரத்தப் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தவர் மதியம் ஒரு மணி வரை வெறும் தண்ணீரோடு இருந்தார். நடக்கும் தூரத்தில் வேறு கடை இல்லை. கடைத் தட்டில் இறைச்சி பட்டிருக்கும் என்று வீட்டிலிருந்தே எவர்சில்வர் தட்டு கொண்டுவந்திருந்தார். துணிப்பையிலிருந்து அதை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டி, காய்கறி மட்டும் போதும், கோழியோ மீனோ வேண்டாம் என்று மலாயும் தமிழும் கலந்து சொன்னார்.

"தவுக்கே, சாயோர் சஹாஜா. ஆயாம் வேணாம், ஈக்கான் வேணாம், முட்டையும் வேணாம்."

"போலே, ஆன்ட்டி, போலே."

கடைக்காரர் சரியென்று தலையாட்டிவிட்டு, கைலான் கீரையை வதக்கி, பழுப்பாக ஒரு சாஸை மேலே ஊற்றி, அந்தச் சுத்தமான தட்டிலேயே வைத்துக் கொடுத்தார். அது சிப்பிச் சாற்றில் செய்த சாஸ். புட்டியில் பெரிய சிப்பிப் படமே இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து புட்டி தெரிந்தது. அத்தை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

"கீரை நல்லாருக்கேடி வாணி," என்றார் அத்தை. "நீயுந்தான் வதக்குற, ஆட்டுக்குப் போடுற மாதிரி."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கீரையை முடித்து, சாஸையும் சோற்றில் பிசைந்து வழித்துச் சாப்பிட்டார்.

மூலம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நான் செய்தவை.

2

இதற்கு முன்பு மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "அன்புள்ள அத்தைக்கு, உங்களிடம் நான் ஒன்று" — நிறுத்திவிட்டேன். கடிதமாக எழுதினால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

தொடக்கம் இரண்டு: "சிப்பி மிகவும் சத்தான உணவு." பள்ளிக் கட்டுரை போல இருக்கிறது. ஆனால் உண்மை. கொழுப்பு குறைவு. இரும்பு உண்டு, பி12 உண்டு, துத்தநாகம் மற்ற எந்த உணவையும்விட அதிகம். கீரையிலிருக்கும் இரும்பை உடம்பு தயங்கித் தயங்கித்தான் எடுத்துக்கொள்ளும். சிப்பியில் இருப்பதில் பெரும்பங்கை அவ்வளவு தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்ளும். பாறையில் ஒட்டிக்கொண்டு, தன்மேல் ஓடும் தண்ணீரை வடிகட்டியே பிழைக்கும் பிராணி அது. யாரையும் துரத்திப் போய்த் தின்பதில்லை. (இந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் எழுதினேன் என்று எனக்குத் தெரியும். செய்த பாவத்தின் எடையைக் குறைக்கப் பார்க்கிறேன்.)

தொடக்கம் மூன்று: "மாமியாரைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்ட மருமகள் ஒருத்தி பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கிறாள்." சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வது இது. நான் இங்குள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். எட்டாவது வருடம் மைக்ரோஸ்கோப்பின் முன்னாலேயே தூங்கிப்போய், கெட்டுப்போன ஒரு தட்டுச் சில்லுகளை நல்லவை என்று அனுப்பிவிட்டேன். முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டாவது வருவதற்குள் நானே விலகிக்கொண்டேன். அந்த மாதம்தான் அத்தைக்கு நோய் தெரியவந்தது. "அம்மாவப் பாத்துக்கத்தான் விட்டுட்டா," என்று என் கணவர் தனேஷ் எல்லோரிடமும் சொன்னார். அதையும் நான் திருத்தவில்லை.

3

அத்தைக்குப் பித்தப்பையில் கல். மாதத்துக்கு இரண்டு முறை வலி வரும். வந்தால் சமையலறையில் குப்புறப் படுத்துக் கன்னத்தைக் குளிர்ந்த தரையில் அழுத்திக்கொள்வார். நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் பால்மரம் வெட்டியவர். பத்து நிரைக்கு அப்பால் இருக்கிறவரையும் சாதாரணமாகக் கூப்பிடும் குரல். வலி வந்தால் மட்டும் அந்தக் குரல் வராது. வீடே அமைதியாகிவிடும். எனக்கு அந்த அமைதிதான் பயம்.

ஜனவரியில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்து, அன்று காலை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரத்தம் போதாது. ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டால்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சன்னாசிமலை ஆண்டவருக்கு மாசி மகத்தில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். ஒரு மண்டல விரதம். நாற்பத்தெட்டு நாள் சைவம்.

ஒன்பதாவது நாள் பரிசோதனையில் எட்டு புள்ளி ஒன்று. புதிய தேதி மாசி மகம் முடிந்து ஒரு வாரத்தில். சத்துணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார்.

"என்னா எழுதியிருக்கு?" என்றார் அத்தை.

"ஈரல், கறி, கெராங் மட்டி, சிப்பி. இதெல்லாம் திங்கணுமாம்."

"மாசி மகம் முடியட்டும்."

"முடிஞ்சா அடுத்த வாரம் ஆப்பரேசன், அத்தே. ஒரு வாரத்துல ரத்தம் எப்படி ஏறும்?"

"நான் எதுக்கு வேண்டிக்கிட்டேன்? ஆப்பரேசன் நல்லபடியா நடக்கணும்னுதான."

"நடக்கணும்னா ரத்தம் வேணும்ல."

"எல்லாம் எனக்குத் தெரியும்லா. நீ தாள மடிச்சு பையில வையி."

அவர் தாளை வாங்கி எறிந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். மடித்துப் பையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அதற்குப் பிறகுதான் எதிரே இருந்த கடைக்குப் போனோம்.

தெரியாமல் ஒரு தட்டு போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. பேருந்தில் அவர் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார். தெரியாமல் போனால் போதும் என்ற எண்ணம் எனக்கு அந்தப் பேருந்தில்தான் வந்தது.

4

இனி வருபவள் ஜானகி. தொழிற்சாலையில் என் பக்கத்து நாற்காலி. இப்போது செர்காமில் கடலோரமாகக் கணவனோடு மீன் சுட்டு விற்கும் கடை வைத்திருக்கிறாள். கதையில் இவள் அளவுக்கு மீறி வசதியான பாத்திரம் என்று எனக்கே சந்தேகம். சிப்பி வேண்டும்போது சிப்பி விற்கிற சினேகிதி. ஆனால் அவள் இருக்கிறாள், நான் என்ன செய்ய?

"பன்னெண்டு சிப்பியா? வீட்டுல விருந்தா?"

விஷயத்தைச் சொன்னேன்.

முதல் வரைவில் ஜானகியை இப்படிப் பேசவைத்திருந்தேன்: "தெரிஞ்சாத்தாண்டி பாவம். தெரியாம குடுத்தா மருந்து." அழகான வசனம். அவள் அப்படிச் சொல்லவில்லை. பழியில் பாதியை அவள் தலையில் வைக்க நான் செய்த வேலை அது. அவள் சொன்னது இதுதான்:

"சொல்லிட்டுக் குடு. இல்லாட்டி குடுக்காத."

"சொன்னா சாப்பிட மாட்டாங்க."

"அப்ப அது அவங்க வயிறு. ஒனக்கு என்னா?"

"அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

ஜானகி கையைத் துடைத்துக்கொண்டு சிப்பிகளை எண்ணிப் பையில் போட்டாள். "ஓடு மூடியிருக்கணும். தொறந்து கெடந்தா ஒரு தட்டு தட்டு. மூடிக்கிச்சுன்னா உசுரோட இருக்கு. மூடலன்னா தூக்கிப் போட்டுரு. பச்சையா மட்டும் குடுத்துறாத. அவங்க ஒடம்பு இருக்குற நெலமைக்குத் தாங்காது." பிறகு பையை என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள். நானே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் சைவச் சட்டி என்று தனியாக ஒன்று உண்டு. கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றிய அலுமினியச் சட்டி. விரத நாட்களில் அதில்தான் அத்தைக்குச் சமைப்பேன். விரதம் முடிந்தால் அத்தை தன் கையால் கழுவிக் கவிழ்த்துவைப்பார். அதன் கரண்டியைக்கூட வேறு சட்டியில் விடக்கூடாது.

காலை பத்தரைக்கு அத்தை குளிக்கப் போவார். பிறகு முன்கூடத்தில் விளக்கேற்றி உட்கார்ந்தால் ஒரு மணிநேரம். அந்த நேரத்தில் சிப்பி ஓடுகளைத் தேய்த்துக் கழுவி, ஆவியில் வைத்து, வாய் திறந்ததும் சதையை எடுத்தேன். ஓட்டிலிருந்த தண்ணீரை வடிகட்டி வைத்துக்கொண்டேன். சத்து அதிலும் இருக்கிறது. ஓடுகளைக் கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்தேன்.

முதல் நாள் ஆட்டுக்கறி நினைப்பில் அந்தச் சைவச் சட்டியிலேயே அரைமணிநேரம் கஞ்சியில் கொதிக்கவிட்டுவிட்டேன். சிப்பியை அதிகம் வேகவைத்தால் ரப்பராகிவிடும். ரப்பர் மரம் வெட்டியவருக்கே அதைக் கொடுத்தேன்.

அத்தை வாயிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். சாம்பல் நிறம், ஓரத்தில் கறுப்புச் சுருக்கம்.

"என்னாடி இது, செருப்பத் திங்குற மாதிரி இருக்கு?"

"காளான் அத்தே. சீனக் காளான். காய்ஞ்சது, சரியா ஊறல."

"கவுச்சி அடிக்குது."

"காய்ஞ்ச காளான் அப்படித்தான் இருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டு மென்றார். "நாளைக்கு நல்லா ஊறப் போடு," என்றார்.

(இந்த இடத்தில், "என் கை நடுங்கியது" என்று எழுதி, அடித்தேன். நடுங்கவில்லை.)

5

மறுநாளிலிருந்து கற்றுக்கொண்டேன். ஆவியில் நான்கு நிமிடம். பொடியாக நறுக்கி, கஞ்சி இறங்கும் நேரத்தில் சேர்க்க வேண்டும். இஞ்சி, மிளகு, நல்லெண்ணெய், கொஞ்சம் பெருங்காயம். வாரத்தில் நான்கு நாள். அத்தை சட்டியை வழித்துக் குடித்தார்.

"பதினோரு வருஷத்துல இப்பத்தான் ஒனக்குச் சமைக்க வந்திருக்கு."

"அது வரைக்கும் பசியோட இருந்தீங்களா?"

"இருந்தேன். சொல்லல. பாவம்னு விட்டுட்டேன்."

இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் என்னிடம் பேச வேண்டியதைச் சுவரிடம் பேசியவர், இப்போது மதியக் கஞ்சி குடித்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்தார். தோட்டத்து மேஸ்திரியான மண்டோரைத் திட்டிய கதை, தனேஷ் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஆற்றில் கிடந்த கதை. ஒருநாள் என் தலையைப் பிடித்து எண்ணெய் வைத்தார். "ராத்திரி வேல பாத்து பாத்து மண்டையில பாதி முடி இல்ல," என்றார். என் தலையில் அவர் கை பட்டது அதுதான் முதல்முறை. எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கையை இழக்க வேண்டாம் என்பதும் நான் சொல்லாததற்கு ஒரு காரணம். பெரிய காரணமே அதுவாகவும் இருக்கலாம். அவர் உயிருக்காகச் செய்தேன் என்று ஜானகியிடம் சொன்னது முதல் வாரத்துக்குத்தான் பொருந்தும்.

மாசி மகத்தன்று அத்தை மஞ்சள் புடவையில் பால்குடத்தோடு சன்னாசிமலை ஏறினார். நான் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு போனேன். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். குடத்தை இறக்கவில்லை. சன்னிதியில் பாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் அழுதுகொண்டிருந்தார். "ஒரு கொற இல்லாம முடிச்சிட்டேன்டி," என்றார்.

"ஆமா அத்தே," என்றேன்.

கடையில் அன்று வாயைத் திறக்காமல் இருந்ததைக்கூட ஒருவர் மன்னிக்கலாம். இந்த "ஆமா"வை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

6

பத்து புள்ளி மூன்று. அறுவை நடந்தது. நான்கு நாளில் வீட்டுக்கு வந்தார். வலி போயிற்று.

இங்கே சிப்பிக்கு ஒரு பாராட்டு எழுதிக் கதையை முடிக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். அத்தையின் அலமாரியைத் துடைத்தபோது இரும்பு மாத்திரையின் காலி அட்டைகள் ஒரு கட்டு கிடைத்தது. விரதத்துக்கு முன்னால் மலச்சிக்கல் என்று சொல்லி அந்த மாத்திரைகளைக் குப்பையில் போடுவார். கேட்டபோது, விரத நாட்களில் தினமும் விளக்கேற்றியதும் பிரசாதம் போல ஒன்றை விழுங்கியதாகச் சொன்னார். ஒருநாளும் தவறவில்லை. அப்படியென்றால் இரத்தத்தை ஏற்றியது மாத்திரையாக இருக்கலாம். சிப்பியாக இருக்கலாம். இரண்டுமாக இருக்கலாம். அத்தையைக் கேட்டால் ஆண்டவர் என்பார். நான் ஒரு விரதத்தை உடைத்தது தேவையே இல்லாமல் போயிருக்கலாம். இதைச் சரிபார்க்க வழியில்லை.

(தொழிற்சாலையில் இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யக்கூடாது என்பார்கள். எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.)

அத்தைக்கு அந்தக் குழப்பம் இல்லை. தையல் பிரித்த அன்று சாமி படத்துக்கு முன்னால் நின்று, இனி உயிருள்ளவரை சைவம் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். நண்டு வறுவலுக்காகக் கல்யாண வீட்டில் சண்டை போட்டவர். மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

"கொணமாயிருச்சுல்ல. இன்னும் என்னாத்துக்கு மாத்தர?"

"டாக்டரு ஆறு மாசம் போடச் சொன்னாரு அத்தே."

"மாத்தரையா ரத்தத்த ஏத்துச்சு? ஆண்டவரும் உன் கஞ்சியும் ஏத்துனது."

அன்றிலிருந்து நான் நிஜக் காளானில் கஞ்சி வைத்தேன். நல்ல காளான், முழு இரவும் ஊறவைத்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார். "அன்னிக்கு மாதிரி இல்லியே," என்பார். "கை மாறிப்போச்சா?"

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. அத்தைக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். மென்ற துண்டைத் திரும்ப வாயில் போட்டாரே, அதுவே சாட்சி. வாழ வேண்டும் என்ற ஆசையில் தெரியாததுபோல் இருந்தார். படிக்கிறவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதனாலேயே நம்ப மறுக்கிறேன். மலையில் அவர் அழுததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தெரிந்தவர் அப்படி அழமாட்டார்.

முடிவு ஆ. நான் சொல்லிவிடுகிறேன். அவர் என் தலையைத் தடவி, "போவுது விடு" — இல்லை. அன்னம்மா அப்படிப்பட்டவர் இல்லை. நான் பதினோரு வருடம் அவரோடு இருந்திருக்கிறேன்.

முடிவு இ. அத்தை இறந்துவிடுகிறார், நான் உண்மையைப் படத்திடம் சொல்கிறேன். சோம்பேறித்தனமான முடிவு. அவர் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கும்போது இதை எழுதியதற்காக வெட்கப்பட்டேன். அடிக்காமல் விடுகிறேன், வெட்கம் தெரியட்டும்.

8

நடந்துகொண்டிருப்பது இது.

போன வாரப் பரிசோதனையில் எட்டு புள்ளி நான்கு. படியேறினால் அத்தைக்கு மூச்சு இரைக்கிறது. நகங்கள் வெளுத்துவிட்டன. மருத்துவர் இறைச்சி சாப்பிடச் சொன்னார், அத்தை சிரித்தார். வேறு மாத்திரை கொடுத்தார், அது பிரிக்காமல் கிடக்கிறது. இப்படியே போனால் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். அத்தை அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து சொன்னார்: "அந்த டாக்டருக்கு என்னா தெரியும். நீ அந்தப் பழைய மாதிரி கஞ்சியக் காய்ச்சு, எல்லாம் சரியாப்போவும்."

மாத்திரையின் இடத்தில் என் பொய் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்தால்தான் மாத்திரை உள்ளே போகும். எடுத்தால் சத்தியம், பால்குடம், ஆண்டவர், நான், எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. நேற்று செர்காமுக்குப் போய் வாங்கி வந்தேன். ஜானகி சிப்பிகளை எண்ணிப் போட்டாள். குளிர்பெட்டியில் இப்போது கீழ்த்தட்டில் சிப்பி, மேல்தட்டில் ஊறிய காளான்.

ஆனால் இன்று காலை அத்தை புதிதாக ஒன்று சொன்னார். நியாலாஸில் இருக்கும் அவருடைய நாத்தனார் திலகவதிக்கும் இரத்தம் குறைவாம். "எப்படிக் காய்ச்சுறேன்னு இன்னிக்கு நான் பக்கத்துல உக்காந்து பாக்கப் போறேன். பாத்துட்டு அவளுக்குப் போன்ல சொல்லணும்." குளித்துவிட்டு வருகிறேன், நான் வரும்வரை அடுப்பைப் பற்றவைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் சமையலறை மேசையில் இந்த எட்டாவது பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தத் தட்டிலிருந்து எடுப்பது என்று உங்களைக் கேட்கலாம் என்றிருந்தேன். பயனில்லை. இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் கஞ்சி என்றோ ஆறிப்போயிருக்கும்.

குளியலறையில் தண்ணீர் நின்றது. அத்தை

(அந்த வாக்கியம் அங்கே நின்றதற்குக் காரணம், அத்தை வந்துவிட்டார். இதைப் பிறகு எழுதுகிறேன்.)

அத்தை ஈரத்தலையில் துண்டோடு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் பரப்பியிருந்த தாள்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தார்.

"என்னாடி, பத்தி பத்தியா எழுதி வச்சிருக்க?"

"கதை அத்தே."

"கதையா? யாரப் பத்தி? அன்னம்மான்னு இருக்கு."

"ஆமா."

"என்னையத் திட்டி எழுதியிருக்கியா?"

"இல்ல."

"கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல." தாள்களைச் சேர்த்து, தட்டி நேராக்கி, என் முன்னால் வைத்தார். கையை மடியில் கட்டிக்கொண்டார். "கஞ்சி அப்புறம் காய்ச்சலாம். படி, கேக்குறேன்."

முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். சீனர் சோற்றுக்கடை வந்ததும், "ஆமா, அன்னிக்குக் கீரை நல்லாத்தான் இருந்துச்சு," என்று சிரித்தார்.

அடுத்த வரியில் சிப்பிப் படம் போட்ட அந்தப் புட்டி வருகிறது. நான் எந்த வரி வரை படித்தேன் என்பதை எழுதப்போவதில்லை. உங்களிடம் பென்சில் இருந்தால், பக்கத்தைத் திருப்பிப் போய், நான் நிறுத்தியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.